ஆடியில் விற்ற வீடு

அத்தியாயம் 5

சுவரில் ஒட்டியிருந்த கடதாசியில் ஆடி மாதத்துக்கு நேரே ‘1’ என்று பென்சிலால் எழுதியிருந்தது. கொலை நடந்த வீட்டில் கால்தடத்தைப் பார்க்கிறவள் மாதிரிப் பிரியவதனி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் துப்பறிவாளர். நான் அவளுடைய உதவியாளன், ஓட்டோச் சாரதி, தேத்தண்ணி வாங்கி வருபவன். பெயர் லியோன், ஊர் கரம்பொன், வயது அறுபத்தெட்டு. முன்பு கடலுக்குப் போனவன். ஒருமுறை என் வலையில் பட்ட சுறா ஒன்று, மூன்று வருசத்துக்கு முன் தான் விழுங்கியிருந்த என் மாமனாரின் கைக்கடிகாரத்தைத் திருப்பித் தந்துவிட்டுப் போனது. கடிகாரம் மூன்று நிமிசம் பிந்தி ஓடியது. அதற்காக மாமா அந்தச் சுறாவைச் சாகும்வரை மன்னிக்கவில்லை. அதை விடுவோம்.

எங்கள் கந்தோர் ஊர்காவற்றுறையில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்தது. தீவுப்பகுதியில் துப்பறிய வேண்டிய குற்றங்கள் வருசத்துக்கு நாலு நடக்கும். அதில் மூன்று ஆட்டுக் களவு. ஆகவே வயிற்றுப்பாட்டுக்குப் பிரியவதனி வேறொரு வேலையும் செய்தாள். யாழ்ப்பாணப் பட்டினத்தில் காணி வீடு விற்கிற ஒரு கொம்பனிக்கு, தீவுகளில் மாதாமாதம் எத்தனை வீடு கைமாறியது, விலை ஏறியதா இறங்கியதா என்று பட்டியல் போட்டுக் கொடுப்பாள். காணி உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசுக் கந்தோர்களிலும் தரகர்களிடமும் விசாரித்து எண்ணுவாள். இருபது வருசம் நொத்தாரிசு ஒருவரிடம் கிளாக்காக இருந்தவள், ஆகவே அவளுக்கு ஒருவரும் பொய் சொல்வதில்லை. சொன்னாலும் பிழையான இடத்தில் சொல்லி மாட்டுப்படுவார்கள்.

அந்தப் பட்டியலைப் பார்த்தால் எங்கள் சனத்தின் நாடி தெரியும். தையில் நாலு வீடு விற்கும், மாசியில் இரண்டு. பங்குனி, சித்திரையில் கிணறுகள் அடி காட்டிவிடும். வாங்க வந்தவன் வாளியை இறக்கி, ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் போய்விடுவான். எங்கள் பக்கத்தில் எத்தனை அறை என்று ஒருவரும் கேட்பதில்லை. தண்ணீர் உவரா நன்னீரா என்பதுதான் விலை. ஆனியில் வெளிநாட்டுக்காரர் திருவிழாவுக்கு வந்து இறங்க, ஏழு எட்டு என்று ஏறும். ஆடியில் பூச்சியம். போன வருசமும் பூச்சியம், அதற்கு முதல் வருசமும் பூச்சியம். சைவச் சனம் ஆடியில் வீடு வாங்கவும் மாட்டாது, விற்கவும் மாட்டாது. மாதாவைக் கும்பிடுகிற எங்கள் வேதக்காரர் விற்கலாம். ஆனால் வாங்குவதற்கு ஆள் வேண்டும்.

“மண்கும்பானில ஒரு வீடு. வித்ததும் சைவம், வாங்கினதும் சைவம்,” என்றாள் பிரியவதனி. “ஆடியில ஆரண்ணை வீடு விக்கிறது?”

“ஆவணி வரைக்கும் இருக்கமாட்டாத ஆள்,” என்றேன்.

பகிடிக்குத்தான் சொன்னேன். என் வாழ்நாளில் எத்தனையோ பகிடி விட்டிருக்கிறேன். திருப்பி எடுக்க முடியுமா என்று நான் பிறகு யோசித்தது அது ஒன்றைத்தான்.

அந்த நேரம் படிக்கட்டில் ஒரு பெண் ஏறி வரும் சத்தம் கேட்டது. ஒரு படி, ஒரு மூச்சு, ஒரு படி, ஒரு மூச்சு. முழங்கால் வருத்தக்காரி.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். பச்சைச் சேலை, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கையில் குடை. கதிரையின் விளிம்பில் இருந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, பெயர் பரிமளம் என்றும் மண்கும்பானில் இருந்து வருவதாகவும் சொன்னாள். பிரியவதனி சுவரில் இருந்த ‘1’ஐ ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

பரிமளம் சொன்ன கதை இது. புருசன் குலசேகரம் இருபத்துமூன்று வருசமாகப் பாரிசில், ஒரு உணவகத்தின் குசினியில் வேலை. இடையில் மூன்று தரம் வந்து போனார். பிள்ளைகள் இல்லை. அவருடைய உழைப்பில் கட்டிய வீடு, அவருடைய பெயரில் இருக்கிறது. திங்கட்கிழமை இரண்டு பேர் அளவு நாடாவோடு வந்து, ஒன்றும் பேசாமல் அவளுடைய குசினி யன்னலை அளந்தார்கள். சட்டியில் குழம்பு கொதிக்கிறது, இவர்கள் அளக்கிறார்கள். ஏனென்று கேட்டதற்கு, வீடு விற்றாகிவிட்டது, வாங்கியவர்கள் ஆவணி முதலாம் திகதி வந்து பால் காய்ச்சப் போகிறார்கள், அதற்கு முதல் எழும்பிவிடுங்கள் என்றார்களாம்.

கையெழுத்து வைத்து விற்றவர் அவளுடைய மச்சான், குலசேகரத்தின் தம்பி ஆழ்வாப்பிள்ளை. ஆறு வருசத்துக்கு முன் மதில் கட்டவும் மின்சாரம் எடுக்கவும் வசதியாக இருக்கட்டும் என்று, தனக்காக எந்தக் காரியத்தையும் செய்யலாம், விற்கலாம், வாங்கலாம் என்ற அற்றோணிப் பத்திரத்தைக் குலசேகரம் தம்பியின் பெயரில் எழுதிக் கொடுத்திருந்தார். பரிமளம் போய்க் கேட்டபோது ஆழ்வாப்பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு, அண்ணர்தான் விற்கச் சொன்னவர் என்றாராம்.

“புருசனைக் கேட்டனீங்களோ?” என்றாள் பிரியவதனி.

அதுதான் அவளால் முடியவில்லை. ஆனிக் கடைசியில் குலசேகரத்துக்குத் தொண்டையில் ஒப்பரேசனாம். இரண்டு மாதம் வாய் திறக்கக் கூடாதாம். போனில் எழுதித்தான் அனுப்புகிறார். அவள் எழுதிக் கேட்டாள். பதில் வந்தது. போனை எங்களிடம் நீட்டினாள். ‘ஆழ்வான் சொல்லுறபடி செய்யும்.’ அவ்வளவுதான்.

பிரியவதனி மேலே தள்ளித் தள்ளி மற்றச் செய்திகளையும் வாசித்தாள். சுகம். சாப்பிட்டேன். யோசிக்க வேண்டாம். குலசேகரம் முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்தால் என்ன கதைப்பார் என்று கேட்டாள்.

முதல் கேள்வி எப்போதும் கிணறு பற்றியதுதானாம். தண்ணி எப்பிடி, உவராகீட்டுதோ. தான் கட்டிய வீட்டில் அவர் குளித்தது எல்லாமாக எண்பது நாள். அந்த எண்பது நாளும் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக்கொண்டு, பாரிசில் இப்படி ஒரு தண்ணி இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பாராம்.

“ஒப்பரேசனுக்குப் பிறகு தண்ணியைப் பற்றிக் கேட்டவரோ?”

பரிமளம் யோசித்தாள். இல்லை என்றாள். பிறகு குடையின் பிடியைத் திருகிக்கொண்டு, ஊரில் ஒருத்தி சொன்னதையும் சொன்னாள். இங்கே வீட்டை விற்கிற புருசனுக்கு அங்கே இன்னொரு வீடு இருக்குமாம்.

“வீடு போறதெண்டால் போகட்டும், தங்கச்சி,” என்றாள். “அவர் என்னைக் கேக்காமல் வித்தவரோ எண்டது மட்டும் எனக்குத் தெரியவேணும். இருபத்திமூண்டு வருசம் நான் ஆருக்காக இருந்தனான் எண்டு தெரியவேணும்.”

எனக்கு அந்த ஊர்க்காரி சொன்னது சரியென்றே பட்டது. பிரியவதனி வேறு எதையோ யோசித்தாள். ஆழ்வாப்பிள்ளையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டாள்.

ஆழ்வாப்பிள்ளை வெள்ளிக்கு வெள்ளி நயினாதீவு அம்மனிடம் போகிறவர். இருபது வருசமாக ஒரு வெள்ளி தப்பியதில்லை. முழங்கால் வருத்தம் வந்த பிறகு பரிமளம் வேறு கோயிலுக்கு நடப்பதில்லை. வெள்ளிகளில் மச்சானின் மோட்டார்சைக்கிளில் ஏறிக் குறிகட்டுவானுக்குப் போய், அங்கிருந்து படகில் அம்மனிடம் போவாள். இந்த ஆடியில் ஒரு வெள்ளியும் போகவில்லை. முதல் வெள்ளி, கடல் மோசம், வேண்டாம் என்றாராம். இரண்டாம் வெள்ளி, படகு பழுது என்றாராம். மூன்றாம் வெள்ளி அவள் உடுத்திக்கொண்டு குசினி யன்னலால் எட்டிப் பார்க்கும்போது, ஆழ்வாப்பிள்ளை படலைக்கு வெளியே குந்தியிருந்து தன்னுடைய மோட்டார்சைக்கிளின் ரயருக்குத் தானே காற்றைத் திறந்துவிட்டுக்கொண்டு இருந்தாராம். பிறகு உள்ளே வந்து ரயர் பஞ்சர் என்றாராம்.

“பிறகு?”

பிறகு அவள் உடுப்பை மாற்றப் போக, பம்பை எடுத்துக் காற்றடித்துக்கொண்டு அவர் மட்டும் போய்விட்டாராம்.

“களவெடுக்கிறவன் மற்றவன்ர ரயரிலதான் கைவைப்பான்,” என்றேன். “சொந்த ரயருக்குக் காத்துத் திறந்த ஆளை இப்பதான் கேள்விப்படுறன்.”

பிரியவதனி சிரிக்கவில்லை. முதல் வெள்ளி கடல் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டாள். நினைவிருந்தது. தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரிக் கிடந்தது.

மறுநாள் நொத்தாரிசுக் கந்தோரில் வேலை செய்கிற வின்சன்ற்றைப் பிடித்தோம். வின்சன்ற் என்னோடு கடதாசி விளையாடுகிறவன். அவன் இரகசியம் காக்கிற விதம், சீட்டைப் பிடித்துக்கொள்ளும்போதே தெரியும். எல்லாரும் பார்க்கலாம். உறுதி முடிந்தது ஆடி ஆறாம் திகதி, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்றேகால் என்றான். செவ்வாயில் அது ராகுகாலம். விலையோ, அதே மண்கும்பானில் போன மாதம் நன்னீர்க் கிணற்றோடு போன வீட்டின் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

திரும்பி வரும்போது பிரியவதனி ஓட்டோவின் பின்னால் இருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆடி, செவ்வாய், ராகுகாலம், பாதி விலை. ஆழ்வாப்பிள்ளை தலைமயிர் வெட்டுவதற்கே பஞ்சாங்கம் பார்க்கிறவர் என்பது நாலு தீவுக்கும் தெரியும். அவருடைய கலியாணத்துக்குப் பார்த்த நாளில் அவர் ஒருவருக்குத்தான் நாள் சரியாக இருந்ததாம், பெண்வீட்டார் அடுத்த நாள்தான் வந்தார்களாம். அப்படிப்பட்டவர் ஆவணி பிறக்கும்வரை பொறுத்திருந்தால் முழு விலையும் கிடைத்திருக்கும்.

“பொறுக்க ஏலாமல் இருந்திருக்கு, அண்ணை. ஏதோ ஒண்டு வெளியில தெரியமுதல் கையெழுத்து வைக்கவேண்டி இருந்திருக்கு.”

“பாரிசில மற்ற மனுசி அவசரப்படுத்தியிருப்பா.”

“நாளைக்கு வெள்ளி,” என்றாள் பிரியவதனி. “கோயிலுக்குப் போவம்.”

நான் வேதக்காரன் என்பதை நினைவுபடுத்தினேன். அம்மன் ஓட்டோச் சாரதிகளிடம் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பதில்லை என்றாள்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் ஆடிக்காற்று மனிதனை நேராக நிற்க விடாது. ஆழ்வாப்பிள்ளை வரிசையின் கடைசியில் நின்றார். மெலிந்த ஆள், அறுபது வயது, நாலு கிழமைத் தாடி. நெற்றியைப் பார்த்ததும் எனக்கு ஏதோ உடுப்பில்லாத ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது. திருநீறு இல்லை. அந்த மூன்று குறியும் அவர் பிறந்தபோதே இருந்தது என்றும், மருத்துவிச்சி துடைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள் என்றும் ஊரில் கதை. கையில் ஒரு சாக்குப் பை. அதற்குள் ஒற்றைத் தேங்காயின் உருவம் தெரிந்தது.

துறையில் அர்ச்சனைச் சாமான் விற்கிற கம்சிகா என்ற பெண்ணிடம் பிரியவதனி ஒரு தட்டம் வாங்கினாள். வாங்குகிற சாட்டில் விசாரித்தாள். ஆழ்வாப்பிள்ளை இருபது வருசமாக, முதலில் கம்சிகாவின் தாயிடமும் பிறகு அவளிடமும், வெள்ளிதோறும் தட்டம் வாங்குகிறவர். மூன்று வெள்ளியாக வாங்கவில்லையாம். கேட்டால், தேங்காய் இருக்கிறது பிள்ளை என்று பையைக் காட்டுகிறாராம்.

படகில் விகாரைக்குப் போகிற சிங்களச் சனமும் அம்மனிடம் போகிற எங்கள் சனமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒரே வாந்தியை இரண்டு பாசையில் எடுத்தார்கள். ஆழ்வாப்பிள்ளை மட்டும் கடலைப் பார்த்தபடி, பையை மடியில் வைத்து, ஒரு குழந்தையைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

நயினாதீவில் இறங்கியதும் எல்லாரும் கோபுரத்தடிக்குப் போனார்கள். ஆழ்வாப்பிள்ளை போகவில்லை. வலப்பக்கம் திரும்பி, கடலோரச் சுவரில் போய் இருந்தார். மணி அடித்தது. அவர் எழும்பி, இருந்த இடத்திலேயே இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். பிறகு திரும்பவும் இருந்தார். பூசை முடிந்து, பிரசாதத்தோடு சனம் வெளியே வந்து, எங்களைத் தாண்டிப் போனது. அவர் அசையவில்லை. ஒருமுறை பைக்குள் கைவிட்டுத் தேங்காயை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

“குடுமியைப் பாத்தனீங்களோ?” என்றாள் பிரியவதனி.

பார்த்தேன். தேங்காயின் குடுமி காய்ந்து கறுத்துப்போய் இருந்தது. நாலு வெள்ளியாக ஒரே தேங்காய் இந்தக் கடலைத் தாண்டி வருகிறது, உடையாமல் திரும்பிப் போகிறது. எனக்குத் தெரிந்து அவ்வளவு பிரயாணம் செய்த தேங்காய் இன்னொன்றுதான். அது எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் எங்கள் வளவில் இருந்து கிளம்பி, இராமேஸ்வரத்தில் முளைத்து, இப்போது அங்கே வாக்குப் போடுகிறது.

என் துப்பை நான் சொன்னேன். அண்ணன் பெண்சாதியின் வீட்டைக் களவாக விற்றவன், பயம், அம்மனின் முகத்தைப் பார்க்க வெட்கம்.

“களவெடுத்தவன்தான் அண்ணை முதல் ஆளாய் உள்ளுக்குப் போவான். உண்டியலில பங்கும் போடுவான்,” என்றாள் அவள். “உள்ளுக்குப் போக ஆசைப்பட்டுக்கொண்டு வெளியில நிக்கிறது வேற ஆக்கள்.”

அவள் எழும்பிப் போய் ஆழ்வாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சுவரில் இருந்தாள். நான் மற்றப் பக்கம் இருந்தேன். காற்றைப் பற்றி ஏதோ சொன்னாள். அவரும் காற்றைப் பற்றி ஏதோ சொன்னார். இந்த முறை சனம் குறைவு என்றாள். ஓம் என்றார். பிறகு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில் கேட்டாள்:

“முப்பத்தொண்டு எப்ப வருது, அண்ணை?”

“வாற செவ்வாய்,” என்றார் ஆழ்வாப்பிள்ளை.

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்குக் கேட்டது. பையின் மேல் இருந்த கை அப்படியே நின்றது.

எங்கள் பக்கத்துச் சைவரின் வழக்கம் எனக்கும் தெரியும். அறுபத்தெட்டு வருசம் பக்கத்து வளவில் இருந்திருக்கிறேன். ஒருவர் செத்தால் உடன்பிறந்தவர்களுக்கும் பெண்சாதிக்கும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை துடக்கு, தீட்டு. கோயில் வாசலை மிதிக்கமாட்டார்கள், திருநீறு பூசமாட்டார்கள், முகம் வழிக்கமாட்டார்கள். செவ்வாயில் இருந்து பின்னால் எண்ணினேன். ஆனிக் கடைசி ஞாயிறு. தொண்டை ஒப்பரேசன் நடந்ததாகச் சொன்ன நாள்.

ஆழ்வாப்பிள்ளை பையைச் சுவரில் இறக்கி வைத்தார். பிறகு சொன்னதை நான் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவர் நீட்டித்தான் சொன்னார், இடையில் இரண்டு படகு போனது. குலசேகரம் அன்று வேலை முடிந்து நிலக்கீழ் ரயிலின் படிக்கட்டில் இருந்தாராம். களைப்பாறுகிறார் என்று சனம் விலகிப் போனதாம். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு ஆரோ தொட்டுப் பார்த்தார்களாம். அறையில் கூட இருந்தவன் தம்பிக்கு அறிவித்தான். பரிமளத்துக்கு நான் சொல்கிறேன் என்றார் தம்பி. சொல்லவில்லை. அங்கேயே எரித்தார்கள். அந்த அறைக்காரன்தான் போனில் சுகம், சாப்பிட்டேன் என்று எழுதிக்கொண்டிருந்தான்.

ஆழ்வாப்பிள்ளையின் மகன் ஜெயரூபன் அந்த நேரம், களவாக எல்லை தாண்டி ஐரோப்பாவுக்குள் போகவென்று, பெலரூஸ் எல்லையில் ஒரு காட்டுக்குள் நின்றான். கூட்டிக்கொண்டு போனவர்கள் மிச்சக் காசு வந்தால் தாண்டவிடுவோம், இல்லையென்றால் விட்டுவிட்டுப் போவோம் என்றார்கள். கையில் இருந்தது அண்ணரின் பத்திரம் ஒன்றுதான். பத்திரம் எழுதிக் கொடுத்தவர் செத்தால் அந்த நிமிசமே பத்திரமும் செத்துவிடும் என்பது ஆழ்வாப்பிள்ளைக்குத் தெரியும். ஆகவே அண்ணர் சாகக்கூடாது. ஆவணி வரைக்குமாவது சாகக்கூடாது.

“அண்ணரைக் கேட்டிருந்தால் தந்திருப்பார்,” என்றார்.

“கேட்டிருக்கலாமே,” என்றாள் பிரியவதனி. மெதுவாகத்தான் சொன்னாள்.

“உண்மைதான்.” அவர் கோபுரத்தைப் பார்த்தார். “நொத்தாரிசை ஏமாத்தினனான். மச்சாளை ஏமாத்தினனான். இவவை ஏலாது, தங்கச்சி. துடக்கோட வாசல் மிதிக்க எனக்குக் கால் வரேல்லை. மச்சாளும் தெரியாமல் வந்து மிதிச்சால் அந்தப் பாவம் ஆருக்கு? அதுதான் மறிச்சனான்.”

வீட்டைப் பறித்தவர், அவள் தெரியாமல் ஒரு பாவம் செய்துவிடக் கூடாது என்று தன்னுடைய ரயருக்குக் காற்றுத் திறந்திருக்கிறார். இதை நான் யாருக்கும் சொன்னால் லியோன் வழக்கமான புளுகு விடுகிறான் என்பார்கள்.

மகன் தாண்டிவிட்டானா என்று கேட்டேன். இன்னும் காடுதான் என்றார்.

பரிமளத்துக்கு நீங்களே வந்து சொல்லுங்கள் என்று பிரியவதனி கேட்டாள். அவர் ஓமென்று தலையை ஆட்டினார். கடைசிப் படகில் வருகிறேன், நீங்கள் போங்கள் என்றார். நாங்கள் படகில் ஏறும்போதும் அவர் அந்தச் சுவரில்தான் இருந்தார், தேங்காயோடு.

மண்கும்பானுக்குப் போய்ச் சேர நாலு மணி. வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. ஓட்டோவில் ஏதோ பழுதோ என்று பிரியவதனி கேட்டாள்.

பரிமளம் படலையில் நின்றாள். காலையில் இருந்தே நின்றிருப்பாள் போல. இரு என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

“வித்தவரோ?”

“இல்லை, அக்கா. அவர் விக்கேல்லை. அவருக்குத் தெரியவும் தெரியாது,” என்றாள் பிரியவதனி.

பரிமளம் படலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். அவள் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். முன்பற்கள் கொஞ்சம் விலகிய, சின்னப் பிள்ளைச் சிரிப்பு. ஐந்து நாளாகச் சுவரில் அவருடைய படத்தைத் திருப்பி வைத்திருந்தாளாம், பாவம் மனுசன், ஒன்றும் தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார் என்றாள். உள்ளே போய் அதை நேராக்கிவிட்டு வந்தாள். எங்களை விறாந்தையில் இருத்தி, குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். முழங்கால் வருத்தம் எங்கே போனதோ தெரியவில்லை. மூன்று கோப்பை, ஒரு தட்டில் பனங்கட்டி.

நல்ல தண்ணியில் போட்ட தேத்தண்ணி. நான் குடித்தேன். அவள் கதைத்துக்கொண்டே இருந்தாள். தொண்டை சுகமானதும் முதல் வேலையாக இதைச் சொல்லவேண்டும், கேட்டால் சிரிப்பார், ஆனால் ஆழ்வானை ஒன்றும் செய்ய விடமாட்டார், தம்பி என்றால் உருகுகிற ஆள். பிறகு கேட்டாள், அப்போது விற்றது செல்லாதுதானே?

“செல்லாது, அக்கா. வீடு உங்களிட்டத்தான் இருக்கும். ஒருத்தரும் எழுப்ப ஏலாது.”

“ஏன் செல்லாது? ஆழ்வானிட்டப் பத்திரம் இருக்குதுதானே?”

பிரியவதனி என்னைப் பார்த்தாள். இப்படியான நேரங்களுக்குத்தான் என்னை வைத்திருக்கிறாள். எந்த மௌனத்துக்கும் என்னிடம் ஒரு கதை இருக்கும். சுறாக் கதையைத் தேடினேன், சூறாவளிக் கதையைத் தேடினேன். ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. பனங்கட்டி நல்லாயிருக்கிறது என்றேன்.

பரிமளம் என்னைப் பார்க்கவில்லை. பிரியவதனிக்கு முன்னால் இருந்த கோப்பையைப் பார்த்தாள். அது நிரம்பியபடியே இருந்தது. ஆடை படிந்துவிட்டது.

செத்த வீட்டில், துடக்குக் கழியும்வரை, சைவச் சனம் கை நனைப்பதில்லை, ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிப்பதில்லை. பிரியவதனி வேண்டுமென்று குடிக்காமல் இருக்கவில்லை. பிறந்ததில் இருந்து பழகிய கை, கோப்பைக்குப் போகவில்லை. அவ்வளவுதான். இருபது வருசம் பத்திரங்களில் பிழை பிடித்தவள், எத்தனையோ பேரை ஒரு சின்னப் பிழையில் மடக்கியவள், அன்றைக்குத் தானே ஒன்றைச் செய்துவிட்டு இருந்தாள்.

பரிமளம் அந்தக் கோப்பையில் இருந்து கண்ணை எடுக்காமல், விரலை மடித்தாள். ஒன்று. கடல் மோசம். இரண்டு. படகு பழுது. மூன்று. ரயர். நாலாவது விரலில் நின்றாள். குலசேகரம் கேட்காமல் விட்ட ஞாயிறுகளை எண்ணினாளோ தெரியாது. நெற்றிப் பொட்டுக்குக் கீழே முகம் மெல்ல மெல்ல வேறு யாருடையதோ ஆனது.

“முப்பத்தொண்டு எப்ப?” என்றாள்.

பிரியவதனி தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் சொல்லவேண்டி வந்தது.

“வாற செவ்வாய், தங்கச்சி.”

அவள் கத்தவில்லை. எழும்பி, தூண், சுவர் என்று பிடித்துப் பிடித்துக் கிணற்றடிக்குப் போனாள். முழங்கால் வருத்தம் திரும்ப வந்துவிட்டிருந்தது. வாளி இறங்குகிற சத்தம் கேட்டது. சேலையோடு தலையில் ஊற்றினாள். பிறகு இன்னொரு வாளி. பிறகு இன்னொன்று. அந்தத் தண்ணீருக்காகத்தான் அந்த வீட்டுக்கு விலை. நான் வாளிகளை எண்ணத் தொடங்கி, பதினைந்தோடு விட்டுவிட்டேன். வாளிச் சத்தத்துக்குள் மறைத்துத்தான் அவள் அழுதாள், அழுகை வெளியே கேட்காமல்.

நனைந்தபடி வந்து விறாந்தைக்குக் கீழே, முற்றத்தில் நின்றாள்.

“ஜெயரூபனுக்காகவோ?”

“ஓம், அக்கா.”

தலைமயிரில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

“ஆழ்வானை வரச்சொல்லுங்கோ,” என்றாள். “அந்தியேட்டி செய்யிறதுக்கு வேற ஆர் இருக்கினம்.”

ஆழ்வாப்பிள்ளை செவ்வாய்க்கிழமை வந்தார், முகம் வழித்தார், அண்ணருக்குச் செய்யவேண்டியதைச் செய்தார். மச்சாள் அவரோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. சோறு மட்டும் போட்டாளாம். விற்ற உறுதி செல்லாது என்று வழக்குப் போடப்பட்டது. வாங்கியவர்கள் தங்கள் பாலை வேறெங்கோ காய்ச்சிக்கொண்டார்கள்.

ஆடி முடிந்த அன்று கந்தோருக்குப் போனபோது பிரியவதனி சுவருக்கு முன்னால் நின்றாள். கையில் அழிறப்பர். ‘1’ஐ அழித்தாள். நன்றாக அழியவில்லை, கடதாசி கொஞ்சம் கிழிந்தது. அதன் மேல் ‘0’ என்று எழுதி, பட்டியலைக் கொம்பனிக்கு அனுப்பினாள். போன வருசம் பூச்சியம், அதற்கு முதல் வருசம் பூச்சியம், இந்த வருசமும் பூச்சியம். பட்டினத்தில் இருந்து பார்க்கிறவர்கள், தீவுப்பகுதியில் இந்த ஆடியில் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் நினைப்பார்கள்.